மூன்று மணிக் காற்று

நவம்பர் 8, வியாழன்
வானிலை அலுவலகம்

தம்பிக்கு,

தொலைபேசி வடம் செவ்வாய் மாலையே அறுந்துவிட்டதால் இதைத் தபால் படகில் அனுப்புகிறேன். கடல் அடங்கி இன்றுதான் படகு புறப்படுகிறது. உன் முனையில் ஒரு மணி நேரம் நிற்குமாம். அதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.

செவ்வாய் காலை மிதவை விளக்குகளைப் பழுதுபார்க்கப் போன படகு திரும்பவில்லை. அதில் மூன்று பேர்: படகுத் தலைவர், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் கயிற்றுக்காரர், எஞ்சின் பார்க்கும் உன் அத்தான். மதியம் இரண்டு பத்துக்குப் படகிலிருந்து கடைசியாக ரேடியோவில் பேசியிருக்கிறார்கள். எஞ்சின் நின்றுவிட்டது, காற்று தென்மேற்கு, சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்றார்கள். உன் முனைக்குக் கிழக்கே பதினெட்டு மைலில் இருந்தார்கள். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

என் கேள்வி ஒன்றுதான். அன்று மூன்று மணிக் குறிப்பு என்று நீ போனில் சொன்னது: காற்று வடமேற்கு, முப்பது மைல் வேகம், வெப்பம் ஏழு டிகிரி இறக்கம், அழுத்தம் ஏற்றம். இதை வெளியே போய்ப் பார்த்து எழுதினாயா, உள்ளே உட்கார்ந்து எழுதினாயா?

உனக்கு வடக்கே அறுபது மைலில் துறைமுகம், தெற்கே ஐம்பது மைலில் கலங்கரை விளக்கம். மூன்று மணிக்கு இரண்டிலும் தென்மேற்குக் காற்று, வெதுவெதுப்பு, தூறல். நடுவில் உன் நிலையம் மட்டும் வேறு கதை சொன்னது. மூன்று மணிக் குறிப்பு வந்ததும் நாலு இருபதுக்கு. அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகாத ஒற்றை நிலையத்தைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு விலக்கிவிடுவது எங்கள் வழக்கம். விலக்கினேன். குளிர்காற்றின் முன்விளிம்பு, அந்தக் குளிர்முகம், இரவு ஒன்பது மணிக்குத்தான் முனையைத் தாண்டும் என்று வானிலைப் படத்தில் கோடு போட்டேன்.

அந்தக் கோட்டை வைத்துத்தான் இப்போது தேடுகிறார்கள். முகம் வருவதற்கு முன் வீசும் தென்மேற்குக் காற்று படகை வடகிழக்கே தள்ளும். முகம் தாண்டியதும் காற்று வடமேற்காகத் திரும்பி, அதே படகைத் தென்கிழக்கே தள்ளும். ஆறு மணி நேரம் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதில் நாற்பது மைல் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு வார்த்தையில் பதில் எழுது.

அக்கா


நவம்பர் 8
முனை நிலையம்

மதிப்பிற்குரிய முன்னறிவிப்பு அதிகாரி அவர்களுக்கு,

இப்படித்தான் தொடங்கினேன். அடித்துவிட்டு எழுத வேறு தாள் இல்லை. படகுக்காரர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நாலு வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். அத்தான் காணவில்லை என்பதை நான் தெரிந்துகொண்டதே இந்தக் கடிதத்தில்தான், அதுவும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் கேள்விக்குப் பக்கத்தில். படித்துவிட்டு வெளியே போய்க் கடலைப் பார்த்தேன். என்ன தெரியும் அங்கே. தண்ணீர்தான்.

காற்று வடமேற்குதான். கதவு அறைந்த வேகத்தில் மேல் கீல் கழன்றுவிட்டது. மேற்கே மேகம் கத்தியால் வெட்டினதுபோல் ஒரே கோடாக முடிந்து, அதற்குப் பின்னால் வெளிறிய நீலம். பகலெல்லாம் புழுங்கிக்கொண்டிருந்த இடத்தில் பல் கிட்டும் குளிர். பயிற்சிப் பள்ளியில் முதல் வருஷக்காரனுக்குக் காட்டுகிற படம் மாதிரி ஒரு குளிர்முகம் என் தலைக்கு மேலே போயிருக்கிறது, நீ அதற்கு வட்டம் போட்டிருக்கிறாய்.

ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புகளை மாடி ஏறாமல் எழுதினேன். ஒத்துக்கொண்டேன். நீ மேலே எழுதிப் போட்டாய், என்னை இங்கே தூக்கிப் போட்டார்கள். அதற்காக இந்த ஜன்மத்தில் நான் பார்க்கிற காற்றெல்லாம் பொய்க் காற்றா?

அத்தான் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். மிதவை பார்க்க இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் படகை ஓரங்கட்டி என்னோடு ஒரு டீ குடிக்காமல் போனதில்லை. "உங்க அக்கா தப்பு பண்ணலடா, ஆனா சரியும் பண்ணல" என்பார். போன மாதமும் வந்தார்.

தெற்கே தேடச் சொல். உடனே.

தம்பி


நவம்பர் 9, வெள்ளி
வானிலை அலுவலகம்

தம்பி,

நேற்று உன் கடிதத்தோடு நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். தேடல் அதிகாரியும் இருந்தார். கடற்படையிலிருந்து வந்தவர், எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை பேனாவை மூடிவைத்துக் கேட்பவர். கேட்டுவிட்டு, "உங்க தம்பியா?" என்றார். ஆமாம் என்றேன்.

இயக்குநர் உன் பழைய கோப்பை வரவழைத்தார். இரண்டு நிமிடம் புரட்டினார். "இவர் சொல்றார்னு ரெண்டு விமானத்தையும் நாப்பது மைல் தெற்கே திருப்பச் சொல்றீங்க. அந்தக் கோப்புல இருக்கறது உங்க கையெழுத்தும்மா. நாலு வருஷம் முன்னாடி இவரை நம்பாதீங்கன்னு எழுதினதே நீங்கதான்."

கோப்பைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தேன்.

தேடல் அதிகாரிதான் வழி சொன்னார். "மனுஷன் சொல்றதை விடுங்க. மெஷின் சொல்றது ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. உன் அழுத்தப் பதிவுக் கருவியின் தாள். உருளையில் சுற்றி, கடிகாரம் சுழற்ற, பேனா முள் தானாகக் கோடு போடுகிற தாள். குளிர்முகம் தாண்டிய நிமிடத்தில் கோடு பள்ளத்திலிருந்து நிமிர்ந்து மேலே ஏறும். யார் கண்ணும் கையும் தேவையில்லை. இந்த வாரத்துத் தாளைக் கழற்றி இந்தப் படகிலேயே கொடுத்தனுப்பு. மடிக்காதே. அட்டைக்குள் வை.

நேற்று வடகிழக்கே பறந்துவிட்டு வந்தார்கள். ஒன்றும் இல்லை. இன்றும் அங்கேதான் போகிறார்கள். படகில் குடிநீர் நாலு நாளைக்கு இருக்கும் என்கிறார் துறைமுக மேலாளர். இன்று நாலாவது நாள்.

அக்கா


நவம்பர் 9
முனை நிலையம்

அக்கா,

தாள் இன்று தயாராக இல்லை. நாளை அனுப்புகிறேன். நான் சொன்னதை நம்பி அவர்களைத் தெற்கே போகச் சொல்.

தம்பி


நவம்பர் 10, சனி
முனை நிலையம்

அக்கா,

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பார்ப்பதற்கு முன் இதைப் படி.

நேற்று பகல் முழுவதும் அந்தக் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேறொரு புதுத் தாளைச் சுற்றி, உருளையைக் கையால் மெல்லத் திருப்பி, முள்ளை விரலால் ஏற்றி இறக்கி அழகாக ஒரு கோடு போட்டேன். மூன்று மணிக்குச் சரியாக நிமிர்ந்து ஏறும் கோடு. யார் பார்த்தாலும் நம்புவார்கள். நீ பார்த்தாலும் நம்பியிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். அதை அடுப்பில் போட்டுவிட்டேன். முகம் தாண்டியது மூன்று மணிக்குத்தானா என்பதே எனக்குத் தெரியாது, அதனால்.

உண்மைத் தாளில் நீ பார்க்கப்போவது ஒரே ஒரு செங்குத்துக் கோடு. திங்கட்கிழமை உருளைக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டேன். செவ்வாய் காலை ஒன்பது மணிவாக்கில் கடிகாரம் நின்றிருக்கிறது. முள் மட்டும் நின்ற இடத்திலேயே இறங்கி, பிறகு ஏறியிருக்கிறது. அழுத்தம் விழுந்ததும் எழுந்ததும் அதில் இருக்கிறது. எப்போது என்பது இல்லை.

மீதியையும் சொல்கிறேன். கூட வேலை பார்க்கும் மூத்த பார்வையாளர் உடம்பு சரியில்லாமல் மூன்று வாரமாக ஊரில் இருக்கிறார். மூன்று மணிக்கொரு தரம் எட்டுக் குறிப்பு, தினமும், நான் ஒருத்தனே. செவ்வாய் பன்னிரண்டு மணிக் குறிப்பை வெளியே போய்த்தான் எடுத்தேன். தென்மேற்கு, தூறல் நின்றுவிட்டது, ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் வேர்வை. கொடியில் ஒரு சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். கதவு அறைந்த சத்தத்தில் விழித்தபோது மணி நாலு பத்து. காற்று எப்போதோ மாறியிருந்தது. கதவு எத்தனை தடவை அறைந்து பார்த்து அலுத்ததோ, எத்தனையாவது சத்தத்தில் நான் எழுந்தேனோ.

வெளியே ஓடினேன். பார்த்தேன். வடமேற்கு, முப்பது. அதை மூன்று மணிக் கட்டத்தில் எழுதினேன். கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு போனில் உன் அலுவலகத்துக்குச் சொன்னேன். "இன்னைக்கும் லேட்டா?" என்று உங்கள் ஆபரேட்டர் சிரித்தார். ஒரு சிகரெட் பற்ற வைக்கப் பார்த்தேன், பையில் போட்ட தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. அரை மணியில் போனும் செத்துவிட்டது.

காற்றைப் பார்த்தேன் என்று உனக்கு எழுதியது பொய் இல்லை. நேரத்தைச் சொல்லாமல் விட்டது பொய்.

பன்னிரண்டிலிருந்து நாலு பத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் முகம் தாண்டியிருக்கலாம். இதை வைத்து என்ன செய்ய முடியுமோ செய். என்னைப் பற்றி யோசிக்காதே.

தம்பி


நவம்பர் 10, பிற்பகல்
வானிலை அலுவலகம்

தம்பி,

இன்று மாலைத் தபால் படகு உண்டு என்பதால் உடனே எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்படப் பார்த்தேன். வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். செவ்வாய் நாலு இருபதுக்கு உன் குறிப்பு மேஜைக்கு வந்தபோது நான் எண்களைப் படிக்கவே இல்லை. நிலையத்தின் பெயரைப் படித்தேன். பென்சிலை எடுத்தேன். வேறு யாராவது அனுப்பியிருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருப்பேன். குளிர்முகம் நேர்சுவர் இல்லை என்று முப்பது பேருக்குப் பாடம் எடுத்தவள் நான். கனமான குளிர்காற்று வெப்பக் காற்றுக்கு அடியில் நுழைந்து போகும்போது ஓரிடத்தில் நாக்கை நீட்டியதுபோல் முன்னே பிதுங்கும், அந்த மடிப்பில் குட்டித் தாழ்வழுத்தம் ஒன்று சுழலும், பக்கத்து ஊர்களில் இன்னும் தூறிக்கொண்டே இருக்கும். வடக்கும் தெற்கும் தென்மேற்கு, நடுவில் மட்டும் வடமேற்கு என்றால் அது நாக்கு. நான் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போட்டேன்.

செவ்வாய் காலை உன் அத்தான் பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "இன்னைக்குப் போலாமா, நாளைக்குத் தள்ளிடலாமா?" என்று கேட்டார். "ராத்திரி வரைக்கும் நேரம் இருக்கு, முடிச்சிட்டு வந்துடுங்க" என்றேன். அடுப்பில் பால் பொங்கியது, திரும்பிப் பார்க்கவில்லை.

தேடல் அதிகாரியிடம் போய் நாலு மணி நேர இடைவெளியைச் சொன்னேன். நீ தூங்கியதைச் சொல்லவில்லை. வரைபடத்தில் பென்சிலால் காட்டினார். "நாலு மணி நேரம்னா கடல்ல இருபத்தஞ்சு மைலும்மா. மூடுபனியில ஒரு விமானம் ஒரு நாளைக்கு அஞ்சு மைல் அகலம்தான் ஒழுங்கா பாக்கும். எனக்கு நாலு மணி நேரம் குடுக்காதீங்க. ஒரு நேரம் குடுங்க. திருப்பறேன். குடுக்கலைன்னா இப்ப இருக்கற இடத்துலயே முடிச்சிக்கிறேன்." திங்களோடு தேடலை நிறுத்த உத்தரவு வந்துவிட்டது.

நீ ஒரு சட்டையைப் பற்றி எழுதியிருக்கிறாய். முகத்துக்கு முன்னால் இருந்த ஈரக் காற்றில் துணி காயவே காயாது. பின்னால் வந்தது உலர்காற்று. அப்படியென்றால் சட்டை காயத் தொடங்கிய நேரம்தான் முகம் தாண்டிய நேரம். நீ மாட்டிக்கொண்டபோது எது காய்ந்திருந்தது, எது ஈரம்? தீப்பெட்டி நமத்தது பையின் ஈரத்திலா? கழுத்துப்பட்டை? கை?

அதே சட்டையை நனைத்து அதே கொடியில் போடு. கடிகாரத்தோடு உட்கார். தூங்காதே.

அக்கா


நவம்பர் 11, ஞாயிறு
முனை நிலையம்

அக்கா,

தபால் படகுக்காரரை ஒரு மணி நேரத்துக்குப் பதில் நாலு மணி நேரம் நிற்க வைத்திருக்கிறேன். "என்னப்பா, சட்டை காயற வரைக்கும் நான் நிக்கணுமா? நாளைக்கு வேட்டி காயட்டும்னு சொல்லுவியா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். என் எதிரிலேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அவரும் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சொருகும்போதெல்லாம் காலால் என் காலை இடித்தார்.

அன்று மாட்டியபோது தோளும் கழுத்துப்பட்டையும் காய்ந்து மொரமொரவென்று இருந்தன. இரட்டைத் துணியாகத் தைத்த பை மட்டும் ஈரம். தீப்பெட்டி அதனால்தான் நமத்தது. இது எனக்கு நிச்சயம்.

இன்று: நனைத்துப் போட்டது காலை ஏழு ஐந்துக்கு. காற்று வடமேற்கு, இருபது மைல். அன்றையதில் மூன்றில் இரண்டு பங்கு. உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகள் இரண்டின் அளவையும் அரை மணிக்கொரு தரம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கழுத்துப்பட்டை காய்ந்தது ஒன்பது ஐம்பத்தைந்துக்கு. பை காய்ந்தது பத்து ஐம்பதுக்கு. படகுக்காரரும் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார். அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், அதுதான் சரியான முறையாம்.

அன்றையக் காற்று வேகத்துக்கு நீதான் கணக்குப் போடவேண்டும்.

என் வாழ்க்கையில் நான் எடுத்ததிலேயே ஒழுங்கான குறிப்பு இதுவாகத்தான் இருக்கும்.

தம்பி


நவம்பர் 12, திங்கள்
வானிலை அலுவலகம்

தம்பி,

அன்றையக் காற்றுக்குக் கழுத்துப்பட்டை இரண்டு மணி நேரத்தில் காயும், பை இரண்டே முக்காலில். நீ விழித்தது நாலு பத்து. அப்படியானால் முகம் தாண்டியது ஒன்று இருபத்தைந்துக்கும் இரண்டு பத்துக்கும் நடுவில். இரண்டு பத்துக்குப் படகில் இன்னும் தென்மேற்குதான் என்று அவர்களே சொன்னார்கள். நாக்கு மணிக்கு முப்பது மைலில் போனால் பதினெட்டு மைல் தாண்ட முப்பத்தாறு நிமிடம். ஆகவே ஒன்று முப்பத்தைந்துக்கு முன்னால் இருக்க முடியாது. நான் ஒன்றே முக்கால் என்று எடுத்தேன்.

நேற்று மாலை தேடல் அதிகாரியிடம் போனேன். சட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தினார்.

"அம்மா, நான் மேல எழுதறதுக்கு ஒரு காரணம் வேணும். சட்டை காஞ்சுதுன்னு எழுதினா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்க ஆபீஸ் ரிஜிஸ்டர்ல ஒண்ணே முக்கால்னு ஏதாவது இருக்கா, இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். என் மேஜைக்குத் திரும்பி வந்தேன். செவ்வாய்க்கிழமைப் பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு வரிகளுக்கு நடுவில் எழுதினேன்: "13.45. முனை நிலையத்திலிருந்து போனில் சிறப்புக் குறிப்பு. காற்று வடமேற்காகத் திரும்பியது. உரிய நேரத்தில் படத்தில் ஏற்றத் தவறியது என் பிழை." கீழே கையெழுத்துப் போட்டேன். வெளியே போய்ப் பார்க்காமல், இருந்த இடத்திலிருந்தே எழுதிய குறிப்பு. நாலு வருஷம் முன்னால் உன்மேல் நான் எழுதிய குற்றச்சாட்டின் வாசகமும் ஏறக்குறைய இதுதான்.

அதிகாரி வாசித்தார். மை இன்னும் மினுமினுத்தது. என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தேடல் கட்டத்தைத் தெற்கே மாற்றினார். ஒரு நாள் நீட்டிப்பும் வாங்கித் தந்தார்.

இன்று காலை விமானங்கள் கிளம்பவில்லை. ஓடுபாதையில் முழங்கால் தெரியாத மூடுபனி. முகத்துக்குப் பின்னால் வரும் உயர் அழுத்தத்தில் காற்று அடங்கிவிடும், காற்று அடங்கினால் இப்படித்தான் பனி கிடக்கும். இது எப்போது விலகும் என்று ஓடுபாதை ஆட்கள் வந்து என்னிடமே கேட்கிறார்கள். பத்து மணிக்கு என்றேன். பன்னிரண்டு என்றேன். இப்போது மணி இரண்டு.

வானம் விலகட்டும் என்று வேண்டிக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. பனியின் அடர்த்தியைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன்.

அக்கா


நவம்பர் 13, செவ்வாய்
முனை நிலையம்

அக்கா,

நீ எழுதியதை அடித்துவிடு. விமானம் கிளம்பிவிட்டால் அந்த வரியின் வேலை முடிந்தது. விசாரணை என்று ஒன்று வரும், அப்போது போன் ஆபரேட்டரைக் கூப்பிடுவார்கள், அப்படி ஒரு போன் வரவே இல்லை என்று அவர் சொல்வார். இருபத்திரண்டு வருஷ வேலை உனக்கு. எனக்கு என்ன இருக்கிறது, இந்தக் கொடியும் கீல் கழன்ற கதவும்தானே.

காலை எட்டு நாற்பதுக்கு இரண்டு விமானங்கள் என் தலைக்கு மேலே தெற்கே போயின. ஒன்றன்பின் ஒன்றாக, தாழ்வாக. ஒன்பது மணிக் குறிப்பில் அதையும் எழுதினேன். அப்படி எழுத அதில் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதினேன்.

இப்போது மணி ஒன்று. இன்னும் திரும்பவில்லை. திரும்பாதது நல்லது என்று படகுக்காரர் சொல்கிறார். எதையாவது பார்த்தால்தான் வட்டமடிப்பார்களாம். அவர் நான் கேட்பதற்காகச் சொல்கிறாரா, உண்மையிலேயே அப்படித்தானா என்று தெரியவில்லை.

என்னை விசாரிக்கச் சொல். நான் வருகிறேன்.

தம்பி


நவம்பர் 15, வியாழன்
வீடு

தம்பி,

செய்தி உனக்குப் படகுக்காரர் மூலம் வந்திருக்கும். ஆனாலும் நான் எழுதவேண்டும்.

செவ்வாய் பகல் பதினொன்று இருபதுக்கு முதல் விமானம் படகைப் பார்த்தது. நாம் கொடுத்த புள்ளிக்கு மூன்று மைலில் இருந்தது. மாலைக்குள் கப்பல் போய்ச் சேர்ந்தது. படகுத் தலைவரும் நெட்டையும் உயிரோடு இருக்கிறார்கள். உன் அத்தான் திங்கள் மதியம் இறந்துவிட்டார். எஞ்சினைத் தூக்கிப் பார்க்கும்போது அது நழுவித் தொடையில் விழுந்திருக்கிறது. முதல் நாளே. காயத்தில் காய்ச்சல் கண்டு ஆறு நாள் கிடந்திருக்கிறார். மருத்துவர் சொன்னார், சனிக்கிழமை கிடைத்திருந்தால் காலை எடுத்துவிட்டு ஆளைக் காப்பாற்றியிருக்கலாமாம். நான் கேட்டதால்தான் சொன்னார்.

நேற்று ஆஸ்பத்திரியில் படகுத் தலைவரைப் பார்த்தேன். உதடெல்லாம் வெடித்து, ஸ்பூனால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"புதன்கிழமையே நான் சொன்னேம்மா. தார்ப்பாய் இருக்கு, கழி இருக்கு, பாய் மாதிரி கட்டி எப்படியாவது கரைப் பக்கமா இழுத்துட்டுப் போயிடலாம்னு. உங்க வீட்டுக்காரர் விடல. ரெண்டு இருபதுக்குக் காத்து திரும்பினதைப் பாத்தாரு, வாட்சைப் பாத்தாரு. 'இது எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிருக்கும். மச்சான் முனையில உக்காந்திருக்கான், அவன் பாத்துச் சொல்லியிருப்பான், இவ கோடு போட்டிருப்பா. காத்து நம்மள எங்க தள்ளும்னு கணக்குப் போட்டு நேரா இங்க வருவாங்க. நாம எடத்த மாத்தினோம்னா அவங்க கணக்கு தப்பாயிடும். நகராதீங்க'ன்னாரு. வாளி, சங்கிலி எல்லாத்தையும் கயித்துல கட்டிக் கடல்ல எறக்கச் சொன்னாரு, படகு ரொம்ப இழுத்துக்கிட்டுப் போகாம இருக்கறதுக்கு. நாங்களும் சரின்னுட்டோம். எஞ்சின்காரர் பொண்டாட்டிக்குத் தெரியாத காத்தா."

நெட்டை அடுத்த கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

விசாரணை சனிக்கிழமை. 13.45 வரியை நான் அடிக்கவில்லை. அடித்தால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். அதை எப்போது, ஏன் எழுதினேன் என்று சொல்வேன். சிவப்பு வட்டம் போட்ட படத்தையும் கொடுப்பேன். நீ உன் பதிவேட்டைக் கொண்டு வா, அந்தச் செங்குத்துக் கோட்டுத் தாள் என்னிடம் இருக்கிறது. மாற்று ஆள் நாளைக் காலைப் படகில் வருகிறார். அந்தப் படகிலேயே ஏறு. அடக்கம் நாளை மாலை. நீ இல்லாமல் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கப்பல்காரர்கள் படகை இழுத்துவந்து துறைமுகத்தில் கட்டியிருக்கிறார்கள். இன்று காலை போய்ப் பார்த்தேன். எஞ்சின் அறைக் கதவின் உள்பக்கத்தில், படுத்திருந்த ஆளின் கைக்கு எட்டும் உயரத்தில், எஞ்சின் கரிமசியை விரலால் தொட்டு உன் அத்தான் எழுதியிருக்கிறார். செவ்வாயிலிருந்து நாளுக்கு மூன்று நாலு வரி: நேரம், காற்று, கதவிடுக்கில் தெரிந்த வானம். நெட்டை தினமும் வெளியே போய்ப் பார்த்துவந்து சொல்லியிருக்கிறார். அவர் சொல்ல வேண்டும், இவர் எழுத வேண்டும். கடைசி வரியை உனக்காக எடுத்து எழுதியிருக்கிறேன்.

"திங்கள் காலை 6. பனி. காற்று வடமேற்கு, லேசு. நகரவில்லை."

அக்கா